இரண்டு விளக்கு, ஒரு சுவர்

கொர்பினியான் ஸைட்லும் அவன் மனைவி சென்ஸியும் வீட்டுக்கு நடுவே சுவர் வைத்துப் பிரிந்துகொண்ட அன்று சாயங்காலம், எதிரே இருந்த கல்லறைத் தோட்டத்து மதிலில் இருட்டு பட்டை பட்டையாக விழுந்தது. வெளிச்சம் ஒரு பலகை அகலம், அதையடுத்து இருட்டு ஒரு பலகை அகலம், மறுபடி வெளிச்சம் என்று மதிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. வெளிச்சப் பட்டைகளின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் லேசாகக் கசிந்திருந்தன. நடுப்பட்டை மட்டும் சுத்த வெள்ளை. பங்குச் சாமியார் பங்க்ராஸ் அதை ஈரக்கசிவு என்று நினைத்து மறுநாளே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்பு காய்ந்தது, பொழுது சாய்ந்தது, பட்டைகள் வந்து அதே இடத்தில் நின்றன. சுண்ணாம்பு அடித்தவன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் மூஸ்பாக்கில் கண்ணாடிதான் பிழைப்பு. பவேரியாவின் மற்ற ஊர்களில் கண்ணாடியை ஊதிக் குடுவை செய்வார்கள், தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்வார்கள். நாங்கள் கண்ணாடியில் கோடு கிழிப்போம். வைரமுனை பொருத்திய எந்திரம் ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான கோடுகளை ஒரே இடைவெளியில் கிழித்துக்கொண்டே போகும். அந்தத் தகட்டைக் கண்ணருகே பிடித்து ஒரு மெழுகுவத்தியைப் பார்த்தால், நடுவில் மெழுகுவத்தி நிற்கும், இரண்டு பக்கமும் வானவில் விரிந்து கிடக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் உள்ள ஒவ்வோர் இடுக்கிலும் ஒளி நுழைகிறது. நுழைந்த ஒளி நேரே போகாமல் விசிறியாக விரிகிறது. விரிந்து பக்கத்து இடுக்கின் ஒளியோடு சேருகிறது. சில திசைகளில் இரண்டும் கைகோத்துப் பளிச்சென்று ஆகிவிடும், சில திசைகளில் ஒன்றையொன்று அணைத்துவிடும். கோடுகள் நெருங்க நெருங்க வானவில் அகலும். பேராசிரியர்கள் இதை வைத்துச் சூரியனுக்குள் என்ன எரிகிறது என்று பார்க்கிறார்களாம். எங்களுக்குச் சூரியனைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை. கோடு கோணக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு தகடு முடிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் எந்திரத்தை நிறுத்த முடியாது, பக்கத்தில் யாராவது கனமாக நடந்தாலே கோடு தடுமாறும். அதனால் எந்திரம் ஓடுகிற வீட்டு வாசலில் ஒற்றைக் கம்பளிச் செருப்பைத் தொங்கவிடுவது வழக்கம். அதைக் கண்டால் தெருவே கம்பளிச் செருப்புக்கு மாறிவிடும். கோயிலில் மணிக்குப் பதில் மரக்கிலுகிலுப்பை ஆட்டுவார்கள். பீர் வண்டி ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போகும். தும்மல் வந்தவன் வயலுக்குப் போய்த் தும்முவான். இன்னொரு வழக்கமும் உண்டு: எங்கள் ஜன்னல் பலகைகள் எல்லாவற்றிலும் செங்குத்தாக, வைக்கோல் தடிமனுக்கு, ஒரு பிளவு இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதன் பின்னால் விளக்கு வைப்போம். எதிர்வீட்டுக்காரன் தன் தகட்டைச் சோதித்துப் பார்க்க அந்த ஒளிக்கீற்று வேண்டும். விளக்கு வைக்காத வீட்டைப் பற்றி ஊர் நல்லவிதமாகப் பேசாது.

பிரிவினை வந்தது கம்பளிச் செருப்பால். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கொர்பினியான் தன் வாழ்நாளிலேயே மிக நெருக்கமான கோடுகளைக் கிழித்துக்கொண்டிருந்தான். கீழறையில் எந்திரம் ஓடியது, அவன் மாடியில் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தான். மாவுருண்டை போட்ட சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு படியேறிய சென்ஸி, கம்பளிச் செருப்பு வழுக்கி, மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை பானையோடு சேர்ந்து உருண்டு விழுந்தாள். கொர்பினியான் நாலே தாவலில் இறங்கி வந்தான். படியடியில் கிடந்த மனைவியைத் தாண்டிக் குதித்து எந்திர அறைக்குள் ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையில் கைவைத்தபடி வெளியே வந்தான்.

"போச்சு! கோணிப்போச்சு!"

"எது?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டாள் சென்ஸி.

"கோடுதான், வேற எது?"

"என் கையும்தான்," என்றாள் அவள்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள், கூடியது, கொஞ்சம் கோணலாகவே கூடியது. கொர்பினியான் மன்னிப்புக் கேட்டான், கேட்காமல் இல்லை. ஆனால் அவன் என்ன சொன்னாலும் அவள் ஒன்றையே திருப்பிக் கேட்டாள்: "நீ முதல்ல எங்க ஓடுன? அதை மட்டும் சொல்லு." எங்கள் ஊரில் கல்யாணத்தை ரத்து செய்ய முடியாது, வீட்டைப் பிரிக்கலாம். கொத்தனார் வந்து நடுவே சுவர் எழுப்பினான். புகைபோக்கி ஒன்றே ஒன்று என்பதால் அடுப்பங்கரையை மட்டும் பிரிக்க முடியவில்லை. பொழுது சாயும்போது இருவரும் ஆளுக்கொரு குச்சியோடு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அதே அடுப்புத் தீயிலிருந்து விளக்கைக் கொளுத்திக்கொண்டு அவரவர் ஜன்னலுக்குப் போவார்கள். அந்த இரண்டு பிளவுகளிலிருந்து வந்த ஒளிதான் மதிலில் சந்தித்துப் பட்டை போட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சென்ஸியின் ஜன்னலை ஒரு சாக்கால் மூடினால் பட்டைகள் மறைந்து மதில் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சம். கொர்பினியான் ஜன்னலை மூடினாலும் அப்படியே. இரண்டையும் திறந்தால் இருட்டு திரும்ப வந்துவிடும். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்து இருட்டாவது பற்றி முதல் வாரம் பேசினோம். பிறகு அதைப் பயன்படுத்தத் தொடங்கினோம். இருட்டுப் பட்டைகளில் காதலர்கள் நின்றார்கள். மனைவிக்குப் பயந்து பீர்க்கடையிலிருந்து பதுங்கி வருகிறவர்களும் நின்றார்கள். கோயில்பிள்ளை வெளிச்சப் பட்டையில் நாற்காலி போட்டு மறுநாள் பூசைக்கான பாட்டுகளைக் குறித்துக்கொண்டார்.

மியூனிக்கிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், ஊரின் கருப்பு ரொட்டியைப் புகழ்ந்தே சாப்பிட்டார். மதிலை அளந்தார், ஜன்னல்களுக்கு நடுவே அளந்தார், கணக்குப் போட்டார். தன் கணக்குப்படி இந்தப் பட்டைகள் முடியைவிட மெலிதாக இருக்க வேண்டும் என்றார். அது உங்கள் கணக்கு என்றோம். அதற்கு மேல் ஒரு பெரிய சிக்கல் அவரை உறங்கவிடவில்லை.

"ரெண்டு தனித்தனி விளக்கு இப்படிப் பட்டை போடாது சாமி," என்று பங்க்ராஸ் சாமியாரிடம் சொன்னார். "ஒண்ணை ஒண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரே வெளிச்சம் ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு வழியா வந்து, மறுபடி சந்திக்கணும். அப்பத்தான் இந்தக் கூடுறதும் அணையுறதும் நடக்கும்."

"ஒரே வெளிச்சம்தான்," என்றார் சாமியார். "என் பீடத்துக்கு முன்னாடி வெச்சு நான்தான் அதுகளைச் சேத்து வெச்சேன். எழுதிக்குங்க."

"அதை எப்படி சாமி எழுதுறது?"

"அப்ப எழுதாதீங்க. பட்டைக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

பேராசிரியர் எழுதவில்லை. ஆனால் போகும்போது கொர்பினியானிடம் ஒரு தகட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார், அதன்பின் நெடுநாள் அவனுடைய நல்ல வாடிக்கையாளராக இருந்தார்.

சென்ஸியின் கோபம் தணியும் என்று காத்திருந்தோம். அது தணிகிற கோபமாக இல்லை. முதலில் அவள் தன் பக்கத்துக் கடைசி அறைக்கு விளக்கை மாற்றினாள். மதிலில் பட்டைகள் பலகை அகலத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கின. பிறகு தெருக்கோடியில் ஓர் அறை எடுத்துப் போனாள். பட்டைகள் விரல் அகலம் ஆயின. காதலர்களுக்கு இடம் போதவில்லை. பிறகு பக்கத்து ஊருக்குப் போனாள், வைக்கோல் அகலம். விளக்குகள் விலக விலகப் பட்டை மெலியும் என்பது இப்படித்தான் எங்களுக்குப் பாடமானது. அவள் விளக்கு பக்கத்து ஊரில் இருக்கும்போது இங்கே எப்படிப் பட்டை விழும் என்று பேராசிரியர் கடிதத்தில் கேட்டிருந்தார். விழுகிறது என்று பதில் போட்டோம்.

கடைசியில் அவள் தன் விளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே போய்விட்டாள். விஸ்கான்சினில் அவள் அக்கா பால்பண்ணை வைத்திருந்தாள். கப்பல் கிளம்பிய வாரத்தில் மதில் முழுக்க ஒரே சீரான வெளிச்சமாக ஆகிவிட்டது. ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை. முடிந்துபோச்சு என்று ஊர் தீர்மானித்தது. ஒன்றே ஒன்றை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு விளக்கில் ஒன்று போய்விட்டது, ஆனால் மதில் மங்கவில்லை. கோயில்பிள்ளை அதே இடத்தில் நாற்காலி போட்டு அதே பாட்டுகளைக் குறித்துக்கொண்டுதான் இருந்தார். வெளிச்சம் குறைந்தால் முணுமுணுக்கிற ஊர், குறையாததை ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்பது வருஷம் போயிற்று. சென்ஸி கடிதம் எழுதவில்லை. கொர்பினியானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்பதில் இருவருக்குமே ஒரே கருத்து இருந்தது. அவன் தலை நரைத்தது, கோடுகள் மட்டும் மேலும் நெருங்கின. ஒரு சாயங்காலம்கூடத் தன் ஜன்னலில் விளக்கு வைக்கத் தவறவில்லை. அடுத்த வீட்டில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஆஃப்ரா, கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவன் எந்திரத்தோடு அடைந்துகிடக்கும் வாரங்களில் வாசலில் ரொட்டியும் முள்ளங்கியும் வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு அவன்மேல் ஆசை. அது ஊருக்குத் தெரியும், அவளும் மறைக்கவில்லை. இவ்வளவு வருஷம் தகவலே இல்லாதவளை இறந்தவளாக அறிவிக்கச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். பிரிவினை போலில்லை, அதன்பிறகு அவன் மறுமணம் செய்துகொள்ளலாம். கொர்பினியான் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போடுவதாக முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடும் உறைபனி. மதில் முழுக்க வெள்ளைப் பனி மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. மலைக்கு மேல் ஏறிய வெயில் மதிலில் பட்டுத் தெறித்து எதிர்ச்சாரி வீடுகள்மேல் விழுந்தது. ஆஃப்ரா ரொட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தாள், தன் கடைச் சுவரைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். நெடுநேரம் நின்றாள் என்று எதிரே பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கொர்பினியான் வீட்டுக்குள் போனாள். அவன் கையெழுத்துக்காக நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"என் கடைச் சுவர்ல வானவில் விழுந்திருக்கு," என்றாள்.

"பனிக்கட்டியில வெயில் பட்டாக் கலர் வரத்தான் செய்யும். வருஷா வருஷம் வர்றதுதானே."

"அது பொடிப்பொடியா மினுக்கும். இது பாய் விரிச்ச மாதிரி நீளமாக் கிடக்கு. ரெண்டு பக்கமும்."

"சரி, கிடக்கட்டும். நீ உக்காரு, காப்பி குடி."

ஆஃப்ரா உட்காரவில்லை. "உள்பக்கம் ஊதா," என்றாள். "வெளிப்பக்கம் சிவப்பு."

கொர்பினியான் கோப்பையைக் கீழே வைத்தான். "சிவப்பு எங்க?"

"வெளிய. கடைசியில."

"நல்லாப் பாத்தியா?"

"மாவு பிசையுறது கைதான்யா. கண்ணு ஒண்ணும் அவிஞ்சு போயிடல."

இதை அவள் தெரியாமல் சொல்லவில்லை. பனிக்கட்டியோ கண்ணாடிப் பட்டகமோ நிறங்களைப் பிரித்தால் சிவப்புதான் குறைவாக வளையும், ஊதா விலகி ஓடும். கோடுகளில் பட்டுப் பிறக்கிற வானவில்லில் மட்டும் சிவப்பு எல்லோரையும் முந்திக்கொண்டு வெளியே போய் நிற்கும். எங்கள் தெருவில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். மதில்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கின்றன, வெளிச்சக் கோட்டில் பனி ஒரு துளி இளகி, இருட்டுக் கோட்டில் இறுகி, மதிலே ஒரு பெரிய கோட்டுக்கண்ணாடி ஆகியிருக்கிறது என்பது ஆஃப்ராவுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெயில் ஏறிப் பனி உருகியிருக்கும், மத்தியானம் கையெழுத்து ஆகியிருக்கும். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய் அடுப்புச் சாம்பலை வாரினாள், அழுதாள், பிறகு ரொட்டி விற்றாள்.

கொர்பினியான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் தன் தகடுகளைச் சோதிக்கிற உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போனான். ஊரே பின்னால் போனது. அவன் கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு ஆஃப்ராவைக் கூப்பிட்டு, "என் ஜன்னலைக் கொஞ்சம் மூடு," என்றான். அவள் போய்ப் பிளவைத் தன் ஏப்ரனால் அடைத்தாள். அவன் விளக்கு முழுக்க மறைந்தது. மதில் இருட்டவில்லை. அவன் முன்னால் இருந்த சுண்ணாம்பில், எங்கிருந்தும் வராத ஒரு மெல்லிய மஞ்சள் வெளிச்சம் நின்றது. அது யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் அவள் விஸ்கான்சினில் ஒரு ஜன்னல் பலகையில் பிளவு வெட்டி, அதன் பின்னால் அந்த விளக்கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பட்டைகள் மறையவே இல்லை. தூரம் அதிகம், அதனால் மெலிந்துவிட்டன. இந்த ஒரு விஷயத்தையே தொழிலாக வைத்திருக்கிற ஊர், கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. கொர்பினியான் உள்ளங்கையை விரித்து அந்த வெளிச்சத்தின்மேல் வைத்தான். வைத்தபடியே குழந்தை மாதிரி அழுதான்.

அதன்பின் அவன் கடிதம் எழுதியிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஓர் இரவு ஜன்னலை மூடினான், மறு இரவு திறந்தான், அதற்கடுத்த இரவு மூடினான். திறந்த இரவுக்கு மறுநாள் காலையில் ஆஃப்ராவின் சுவரில் நிறம் விழுந்தது. மூடிய இரவுக்கு மறுநாள் விழவில்லை. இங்கே கோடு இல்லாவிட்டால் அங்கேயும் இருக்காது என்று நம்பினான். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அப்புறம் ஒரு காலை, ஜன்னல் இரவெல்லாம் திறந்தே இருந்தும், நிறம் வரவில்லை. அடுத்த திறந்த இரவுக்கு வந்தது. அதற்கடுத்த திறந்த இரவுக்கு மறுபடி வரவில்லை.

"அங்க அவ மூடிட்டா," என்றாள் ஆஃப்ரா. "கோவமா இருக்கா போல."

"பதில் சொல்றா," என்றான் கொர்பினியான். அவன் முகம் புதிதாகச் சவரம் செய்ததுபோல் இருந்தது.

"நல்லாப் பேசுறீங்க ரெண்டு பேரும். கதவைச் சாத்திச் சாத்தியே பேச்சு. ஒரே வீட்ல இருந்தப்பவும் இதைத்தானய்யா செஞ்சீங்க?"

குளிர்காலம் முழுக்க அந்தப் பேச்சு நடந்தது. பனி போனதும் காலை நிறங்கள் நின்றுவிட்டன, அவனுக்கு உருப்பெருக்கி மட்டும் மிஞ்சியது. தவக்காலத்தில் பேராசிரியருக்கான பெரிய தகடு ஒன்றைத் தொடங்கினான். முன்பு கோணிப்போனதைவிட நெருக்கமான கோடுகள். வாசலில் கம்பளிச் செருப்பு ஏறியது, தெரு வாயை மூடியது. ஈஸ்டர் கழிந்து ஒரு சாயங்காலம் உருப்பெருக்கியில் பார்த்தவன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். கோடுகள் தடித்திருந்தன. மறுநாள் இன்னும் கொஞ்சம். சென்ஸி கிளம்பிவிட்டாள்.

தூரம் பாதியானால் கோடு இரு மடங்கு தடிக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, காத்திருக்கிறவனுக்கு அது கொடுமை. அவள் பாதிக் கடலைத் தாண்டியபோதும் உருப்பெருக்கி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. ப்ரேமன் துறைமுகத்தில் இறங்கியிருப்பாள் என்று நாங்கள் நினைத்த நாளிலும் தெரியவில்லை. நெருங்கி வந்த பிறகுதான் எல்லாம் தடதடவென்று நடந்தது. மியூனிக்கில் அவள் தங்கிய சாயங்காலம் பூதக்கண்ணாடி போதுமானதாக இருந்தது. மறுநாள் பொழுது சாயும்போது, கண்பார்வை நல்லவர்களுக்கு மதில் லேசாகச் சொரசொரத்தது. கொஞ்ச நேரத்தில் முடி, பிறகு வைக்கோல். அவள் கையில் விளக்கைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டே வண்டியில் வந்திருக்கிறாள், வண்டிக்காரன் அதைப் பற்றி வெகுநாள் பேசினான். மதிலில் விரல் அகலம் ஆனபோது காதலர்கள் நம்பிக்கையோடு வந்து நின்றார்கள்.

கொர்பினியான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கீழறையில் பேராசிரியரின் தகடு கடைசிக் கோடுகளை எட்டியிருந்தது. பொழுது விடிந்தால் முடிந்துவிடும். பட்டைகள் விரல் அகலத்தைத் தாண்டத் தொடங்கியபோது அவள் தெருமுனைக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. காலைத் துழாவினான், கம்பளிச் செருப்பு அகப்படவில்லை. அகப்பட்டது மலையேறுகிற பூட்ஸ், அடியில் ஆணி அடித்தது. அதை மாட்டிக்கொண்டு, சென்ஸி விழுந்த அதே படிகளில், முழு எடையோடு தடதடவென்று இறங்கினான். எந்திர அறையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல் பாவிய தெருவில் ஆணி பூட்ஸ் சத்தம், எந்திரம் ஓடுகிற காலத்தில் நாங்கள் யாரும் கேட்டிராத சத்தம், கோயில்வரை கேட்டது.

சென்ஸி தெருமுனையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது, பாலும் வெண்ணெயும் சாப்பிட்டுக் கொஞ்சம் பூசியிருந்தாள். ஊர் எல்லையில் அமைதியைக் கேட்டே எந்திரம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் செருப்புக்கு மாறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் மாறியிருந்தது, மற்றது பாக்கி.

"மெஷின் ஓடுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றான், மூச்சு வாங்க.

"அடப் பாவி மனுஷா, பூட்ஸ் போட்டா ஓடி வந்தே? இந்நேரம் கோணிப்போயிருக்குமே!"

"போகட்டும்."

"எந்த வாரம்?"

"கடைசி ராத்திரி."

அவள் அவனையே பார்த்தாள். "கடைசி ராத்திரியா," என்றாள். கோணலாகக் கூடிய அந்த மணிக்கட்டால் அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள், பலமாகவே விட்டாள், பிறகு அந்தக் கையாலேயே அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஜன்னல மூடித் தொலைச்சியே, அந்த முதல் ராத்திரி, நீ செத்துட்டேன்னு நெனச்சேன். ஒம்பது வருஷமா எங்க பால்கொட்டாய் சுவர்ல தினமும் பனிக்காலத்துல கலரு வரும். அதைப் பாத்துட்டுத்தான் மாட்டுல கையே வைப்பேன். அன்னிக்கி வரலை. மறுநாள் வந்துச்சு. அப்புறம் போச்சு, அப்புறம் வந்துச்சு. ஒழுங்கா உயிரோட இருக்கக்கூட இந்த ஆளுக்குத் தெரியலையேன்னு அக்காகிட்ட சொன்னேன்."

"உனக்கு முதல்லயே தெரியுமா? நான் விளக்கு வெக்கிறது?"

"கோடு கிழிக்கிறவன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவன் உண்மையைச் சொன்னான். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள், ஒரு காலில் கம்பளி, ஒரு காலில் தோல், இரண்டு காலில் ஆணி. அவர்கள் வர வர மதிலில் பட்டைகள் கதவளவு விரிந்தன, வண்டியளவு விரிந்தன. நடுச்சுவரை இடிக்க அன்று கொத்தனார் கிடைக்கவில்லை. அவள் தன் பக்கம் போகாமல் அவன் பக்கமாகவே நுழைந்து, அவன் ஜன்னலிலேயே, அவன் விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் தன் விளக்கை வைத்தாள். கடைசி இருட்டுப் பட்டை மதிலின் ஓரத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி எங்கோ போய்விட்டது. மதில் முழுக்க வெள்ளை. இரண்டு விளக்கின் வெளிச்சம் இல்லை அது, நாலு விளக்கின் வெளிச்சம். பேராசிரியருக்கு எழுதிக் கேட்டதில், கூட வேண்டிய இரண்டு அலைகள் முழுசாகக் கூடினால் அப்படித்தான், இதில் ஒன்றும் தப்பில்லை என்று பதில் வந்தது. தகடு கெட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தகட்டை ஆஃப்ரா கேட்டு வாங்கித் தன் கடை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். அதன் வழியாக விளக்கைப் பார்த்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் அதே நிறத்தில் மங்கலாக இன்னொன்று நிற்கும், அது பூட்ஸின் வேலை. காலையில் வெயில் வந்தால் ரொட்டிகள்மேல் நிறங்கள் விழும், அவள் சிவப்பு விழுந்த ரொட்டியை எடுத்துத் தனக்கு வைத்துக்கொள்வாள். காதலர்கள் இப்போது இருட்டைத் தேடி ஆலைக்குப் பின்னால் போகிறார்கள். மதிலோரத் தெருவிளக்குகளுக்கென்று பங்குக் கோயிலிலிருந்து வருஷா வருஷம் வாங்கி வந்த எண்ணெய் அந்தக் கோடையோடு நிறுத்தப்பட்டது, மதில் வெளிச்சமே போதுமாக இருந்தது.